தெரிந்ததே ஐந்து பாட்டு

எழுபத்தைந்தாம் வருடக் குளிர்காலம். ஒரு ஞாயிறு மதியம், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மதுக்கூடம் ஒன்றுக்கு வரவேண்டிய பெரிய இசைக்குழுவின் வேன் வழியில் பனியில் மாட்டிக்கொண்டது. அவர்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாசிக்க வந்திருந்த லோர்னாவிடம் மதுக்கூடக்காரன் புருனோ வந்தான். "அவங்க வர்ற வரைக்கும் நீங்கதான் வாசிக்கணும். நடுவுல இறங்கினா அப்புறம் இந்தப் பக்கமே வராதீங்க."

லோர்னா டிரம் வாசிப்பவள். அவள் குழு தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் வாசித்த இசைக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. வேறு யாரும் மேடை கொடுக்கவில்லை. ஐந்து பாட்டையும் சேர்த்தால் பத்து நிமிடம் தாண்டாது.

வாசித்து முடித்தார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள். பாடகன் டெரெக் வெளிறிப்போய் லோர்னா பக்கம் திரும்பினான். "இப்ப என்ன பண்றது?"

"முதல்லேர்ந்து. இன்னும் வேகமா."

இரண்டாம் சுற்றில் ஒருவன் பீர் டம்ளரை வீசினான். அவள் நிறுத்தவில்லை. மூன்றாம் சுற்றில் கட்டைவிரல் கிழிந்தது. மெதுவாக அடித்தால் வலி தெரியும் என்று இன்னும் விரட்டினாள். நான்காம் சுற்றில் டெரெக்கின் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. லோர்னா நிமிர்ந்து பார்த்தாள். டம்ளர் வீசியவன் உட்பட அத்தனை பேரும் வரி பிசகாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக வந்து சேர்ந்த பெரிய குழுவினர், கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கியவளின் கையில் புருனோ துணியில் சுற்றிய ஐஸை வைத்தான்.

"அடுத்த ஞாயிறும் வந்துடுங்க. தயவுசெஞ்சு புதுப் பாட்டு எதுவும் கத்துக்கிட்டு வந்துடாதீங்க."