கைரன் நின்ற இடம்
லூசியானாவின் ஆகஸ்ட் வெயிலில் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துப் புல் ஆவி விடுகிறது. பயிற்சியாளர் டெரியோவுக்குக் கால் தரிக்கவில்லை. விசிலைக் கடித்தபடி கோட்டோரம் நடக்கிறார். புதிதாய்ச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவனைச் சனிக்கிழமை ஆட்டத்தில் இறக்கியாக வேண்டும். மூத்த ஆட்டக்காரன் ஒருவன் கைக்கு வந்த பந்தைப் புதியவன் ஜார்டெல் அந்தரத்திலேயே பறித்துவிட்டு, சட்டென்று இவர் பக்கம் திரும்புகிறான். "பாத்தீங்களா கோச்?" "என் மூஞ்சியில என்னடா எழுதியிருக்கு? போய் நில்லு!" டெரியோவின் நடை இன்னும் வேகமாகிறது. அடுத்து இன்னொரு புதியவன், கைரன். மூத்தவன் இடப்பக்கம் சாய்வதுபோல் போக்குக் காட்டி, வலப்பக்கம் பாய்ந்து, பந்தோடு பறந்துவிடுகிறான். "கதவத் தொறந்து விட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ் தம்பி!" எல்லோரும் சிரிக்கிறார்கள். கைரன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதே இடத்துக்குத் திரும்பி வருகிறான். முன்பைவிட ஓரடி நெருங்கி நிற்கிறான். "மறுபடி வா." டெரியோவின் கால்கள் நின்றுவிடுகின்றன.