கூர் பத்தாத கத்தி

கிரேக்கத் துறைமுக ஊர் ஒன்றில், நிகாண்டர் காலையிலிருந்து ஒரு பாலாடைக்கட்டியைப் பாதி பாதியாக அறுத்துக்கொண்டிருந்தான். மேற்கொண்டு அறுக்கவே முடியாத துணுக்கைப் பொழுது சாய்வதற்குள் காட்டுவதாகச் சந்தையில் சவால் விட்டிருந்தான். கடுகளவுக்குக் கீழே போனதும் அந்தப் பாழாய்ப்போன துணுக்கு அறுபடாமல் நசுங்கியது. எரிச்சலோடு ஏழாவது தடவையாகச் சாணைக்காரன் பிலோனிடம் ஓடினான்.

"கூர் பத்தலை. இன்னும் தீட்டுய்யா!"

"இதுக்கு மேல தீட்டினா கத்தியே மிஞ்சாது. காலையில இருந்த இரும்புல பாதி போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா, எங்கய்யா போச்சு?"

"இதோ, இங்கதான்" என்று சாணைக்கல்லில் படிந்திருந்த கருந்தூளைக் காட்டிய பிலோன், வழக்கம்போல் அதை ஊதிவிட்டான்.

"அடப்பாவி, ஊதாதே! நான் தேடுற துணுக்கு அதுலதான்யா இருக்கும்!"

வெயிலில் ஏதோ மினுங்கி மறைந்தது. கல்லின் ஓரத்தில் ஒரே ஒரு கரும்புள்ளி மிச்சமிருந்தது. நிகாண்டர் மூச்சை அடக்கிக்கொண்டு அதன் மேல் குனிந்தான்.