பேர் கேட்ட கணினி

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. ஒரு கப்பலுக்கு விளக்கேற்றின கதை சொல்கிறேன். சின்னக் கதைதான். கையில் இருக்கிற காபி ஆறுமுன் முடிந்துவிடும்.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

முன்னால், விளக்குகளை ஓட்டுகிற பழைய மடிக்கணினி. கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, வா வா என்று கண்ணடித்துக்கொண்டிருந்தது.

தலைக்கு மேலே, மூங்கில் சாரத்தின் உச்சியில், அவள் வீட்டுக்காரர். மாதா திருவிழாவுக்கு அவர் கட்டின லைட் போர்டு. மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பாய்மரக் கப்பல்.

நாலாயிரம் பல்பு. ஒன்றுகூட எரியவில்லை.

கழன்றுபோன கனெக்டரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விட்டால் போச்சு. இறங்கவும் முடியாது.

முதலாளியை விட்டு விலகித் தனியாக எடுத்த முதல் வேலை. சப்பரம் இரண்டு தெரு தள்ளி வந்துவிட்டது. இருட்டிக் கிடக்கிற கப்பலைத் தாண்டி மாதா போய்விட்டால், இந்தக் கடற்கரையில் இனி எந்த ஊரும் அவரைக் கூப்பிடாது.

"கப்பல் ஒண்ணுன்னு அடி!" என்று மேலிருந்து கத்தினார்.

அடித்தாள்.

அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது கணினி.

மறுபடி அடித்தாள். மறுபடியும் இல்லை.

திரையோடு மூக்கை ஒட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினவள். அங்கே இருந்த கிழட்டு மிஷினில் ஒன்றுக்குத் தனிக் கட்டை கிடையாது. சின்ன 'எல்' எழுத்தை அடித்து, அதையே ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள்.

விரல் இன்னும் அந்த மிஷினிலேயே இருந்தது.

அழித்தாள். மேல் வரிசைக்குப் போய் நிஜமான ஒன்றை அடித்தாள்.

கணினி ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு ஒரு கேள்வி கேட்டது.

இயக்குபவர் பேர்?

அவள் கை நின்றது.

"பேரு கேக்குதா? என் பேரை அடி!"

பதினொரு வருஷமாக அவள் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவத்தில்கூட நாத்தனாரைத்தான் எழுதச் சொன்னாள். கோவில் ஜெபத்தில் அதே பேருள்ள புனிதரின் முறை வந்தால் இருமிக்கொள்வாள்.

வீட்டுக்காரர் என்று அடித்தாள்.

இந்தப் பேரில் யாரும் இல்லை.

பாப்பா அப்பா என்று அடித்தாள்.

இந்தப் பேரில் யாரும் இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை.

அதுவும் தப்பினால் கால் மணி நேரம் பூட்டிக்கொள்ளும். தெருப் பிள்ளைகள் வந்து நோண்டுகிறார்கள் என்று அவரே வைத்த பூட்டு.

பேண்டு வாத்தியம் தெருமுனைக்கு வந்துவிட்டது.

மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நின்ற நாத்தனார் செலின் எட்டிப் பார்த்தாள்.

"மதினி, வாயாலதான சொல்லக் கூடாது? விரல்ல என்ன நாக்கா முளைச்சிருக்கு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டையைப் பார்க்காமல் அடிக்கப் பழகின விரல்கள். எட்டு எழுத்து. ஒன்றுகூடத் தடுமாறவில்லை. தினம் போய்வருகிற தெரு மாதிரி நடந்துபோய் வந்தன.

முதலில் பாயில் பல்பெல்லாம் எரிந்தது.

பிறகு கொடி. பிறகு அடியில் அலை, நீலமாக ஓடத் தொடங்கியது.

தெருவே 'ஓ'வென்று கத்தியது. சப்பரம் திரும்பியது. மாதாவின் முகத்தில் நீலம் ஏறி இறங்கியது. சாரத்து உச்சியில் இரண்டு கையும் ஒழியாத மனிதர், கண்ணைத் துடைக்க வழியில்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டார்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அவள் மட்டும் குனிந்திருந்தாள்.

திரையில் அடுத்த வரி காலியாகக் கிடந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தாள். செலின்கூடக் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த எட்டு எழுத்தை மட்டும் தனியாக அடித்தாள். யாரும் கேட்காமல்.

எனக்குத் தெரியாத கட்டளை என்றது கணினி.

"உனக்கு எங்கே தெரியும்?" என்றாள் மெதுவாக.

இன்னொரு தடவை அடித்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் வேண்டிய நேரத்துக்குக் கரண்டு இருக்கட்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு முகம் இருக்கட்டும்.