சேர்ந்த காரணம்

நாடு முழுவதும் தொழிற்பயிற்சியில் சேர்ந்தவர்களைக் கணக்கெடுக்கும் அரசு அலுவலகம் அது. கம்ப்யூட்டர் தானாகவே அடுத்த எண்ணைப் போட்டுக் கொடுக்க, அவள் பேசினாள்.

"வணக்கம் சார், தொழிற்பயிற்சிக் கணக்கெடுப்பிலிருந்து பேசறோம். என்ன படிக்கிறீங்க?"

எதிர்முனையில் மரம் இழைக்கும் சத்தம் நின்றது.

"படகு கட்டப் படிக்கிறேன் மேடம்."

அவள் திரையில் இருந்த எண்ணை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"சேர்ந்த காரணம்? வேலைக்காகவா, சம்பள உயர்வுக்காகவா?"

"ரெண்டும் இல்ல. தினமும் கனவுல ஒரு படகு வரும். நான் ஏறப் போனா விலகிப் போயிடும். நாமளே ஒண்ணு கட்டிட்டா என்னன்னு தோணுச்சு."

அறையே மெல்ல மிதப்பது போலிருந்தது அவளுக்கு.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை?"

"பேங்க்ல மேனேஜர். விட்டுட்டேன்."

"வீட்ல என்ன சொன்னாங்க?"

"இன்னும் சொல்லல. பேங்குக்குப் போற மாதிரியே கிளம்பி வந்துடறேன். அவ முகத்தைப் பார்த்தா வாய் வர மாட்டேங்குது."

"இப்ப மனசுக்கு எப்படி இருக்கு?"

"பலகையைத் தடவினா தண்ணிமேல கை வச்ச மாதிரி இருக்கு மேடம்."

'விருப்பம்' என்ற கட்டத்தை அவள் அழுத்தினாள். கேள்விகள் முடிந்துவிட்டன. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க... சாயங்காலம் நான் அங்கயே வந்துடறேன். படகைக் காட்டுங்க."

அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நீ வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. பொண்டாட்டிகிட்ட மறைச்சாச்சு, கவர்மெண்டு கேட்டா மறைக்க முடியுமா?"