மலையில் புகை

கணவரைத் தகனம் செய்த பத்தாம் நாள் தத்துவப் பேராசிரியை மீண்டும் வகுப்புக்கு வந்திருக்கிறார். ஜன்னல் வெயில் கரும்பலகையில் பாதியை வெளுக்க வைத்திருக்கிறது. மேலைத் தர்க்கத்தின் பழைய உதாரணத்தைப் பழக்கத்தில் எழுதுகிறார்: ‘மனிதர் எல்லோரும் இறப்பவர்கள்.’ அடுத்த வரிக்குக் கை எழவில்லை. சாக்பீஸ் தூள் கைக்கடிகாரத்தின் மேல் உதிர்கிறது. முன்வரிசை மாணவிக்கு மனசு கேட்கவில்லை. “மேடம், அது வேணாம். நம்ம தர்க்கத்துல ஒரு மலை உதாரணம் வருமே, அதையே சொல்லுங்களேன்,” என்கிறாள். அவர் தலையசைத்து, அழித்துவிட்டு எழுதுகிறார்: ‘மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே...’ அப்போதுதான் மாணவிக்கு உறைக்கிறது, நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். மிச்சமிருப்பது ‘நெருப்பு’ என்ற சொல் என்று எல்லோருக்கும் தெரியும். அதை எழுதாமல் அவர் பலகையைப் பார்த்தபடி நிற்கிறார்; நாற்பது பேனாக்களும் அதே இடத்தில் நிற்கின்றன.