அணையாத மஞ்சள் விளக்கு

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு.

இன்றைக்குப் பார்த்தா எரிய வேண்டும்?

மூன்று மணிக்கு நான் சுன்ச்சோன் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். விவாகரத்து கேட்டு நானும் சொன்மியும் சேர்ந்து கொடுத்த மனு. போன மாதத் தேதியில் அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. இன்றும் இருவரில் ஒருவர் வராமல் போனால் மனு தானாக ரத்தாகிவிடும்.

பெட்ரோல் முள் பாதியில் நின்றது. சூடு காட்டும் முள் நடுவில். வண்டியும் எப்போதும்போல ஓடியது. அப்புறம் எதற்கு இந்த விளக்கு? ஒரு மண்ணும் புரியவில்லை.

வழியில் மா அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குள் திருப்பினேன். அண்ணன் கருவியைச் செருகிப் பார்த்தார், பானெட்டைத் திறந்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ், ஒன்பது வருஷப் பழைய வண்டிக்கு இப்ப போய் எவன்யா கருவாடு வெச்சான்? எலி வந்து அதையும் தின்னுட்டு, சென்சார் வயரையும் கடிச்சு வெச்சிருக்கு!"

எங்கள் ஊரில் புது வண்டிக்கு விபத்து எதுவும் வரக்கூடாதென்று பானெட்டுக்குள் நூல் சுற்றிய கருவாடு வைப்பார்கள். இதை வாங்கியபோது சொன்மி வைக்க வந்தாள். நாற்றமடிக்கும் என்று கத்தி விரட்டிவிட்டேன்.

மிச்சமிருந்த நூலை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு பொட்டு எண்ணெய்க் கறை இல்லை. வைத்து நாலு நாள்கூட ஆகியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் கம்பளித் துணிகளை எடுத்துப்போக வந்திருந்தாள். வண்டியில் குடை கிடக்கிறது என்று சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பிரிந்து போகிறவளுக்கு நான் எங்கே மோதினால் என்ன? எட்டு மாதமாக என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள். கையில் நூலோடு மரம் மாதிரி நின்றேன்.

"மஞ்சள்தானேய்யா, தாராளமா ஓட்டலாம். சிவப்பு எரிஞ்சாதான் நிறுத்தணும். போயிட்டு சாயங்காலம் கொண்டா, வயரை மாத்திடலாம்" என்றார் அண்ணன்.

மணி இரண்டேகால். நீதிமன்றத்துக்கு அங்கிருந்து அரை மணி நேரம்தான்.

"இல்லண்ணே, இப்பவே மாத்துங்க."

நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன்.

"சொன்மி, வண்டியில மஞ்சள் விளக்கு எரியுது. இன்னைக்கு என்னால வர முடியாது."



"நானே கூப்பிடலாம்னு இருந்தேங்க" என்றாள். "என் வண்டியிலயும் அதே விளக்குதான் எரியுது. நானும் வரல."

சொன்மிக்கு வண்டி கிடையாது. ஓட்டவும் தெரியாது.