முன்கண்ணாடியின் உட்புறம்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்களுக்கும் ஒரே கார். காலையில் மூத்தவள் ஓட்டுவாள், மாலையில் இளையவள். முன்கண்ணாடியின் உட்புறம் தினமும் எண்ணெய் பூசியதுபோல் மங்கிக் கிடந்தது. மூத்தவள் வினிகர் கலந்த தண்ணீரால் உட்புறத்தை மேலும் கீழுமாகவும், வெளிப்புறத்தைக் குறுக்காகவும் துடைப்பாள். துடைத்த கோடு தங்கினால், அதன் திசையை வைத்தே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மறுநாள் மறுபடியும் மங்கியிருக்கும்.

"உன் தம்பி உள்ள உக்காந்து சிகரெட் ஊதுறான். இனிமே வண்டிய நீ தொடக் கூடாது."

"அவன் இந்தப் பக்கம் வந்தே மூணு மாசமாச்சுக்கா. வண்டிய அமுக்கணும்னா நேரா சொல்லுங்க."

சனிக்கிழமை மூத்தவள் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்து, காரைப் பூட்டி, இரண்டு சாவிகளையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். திங்கள் காலை இருவரும் சேர்ந்தே போய்ப் பார்த்தார்கள். கண்ணாடி மங்கியிருந்தது.

"இப்பச் சொல்லுங்க. சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

மூத்தவள் வெளிப்புறத்தை அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

ஓட்டுபவரின் இருக்கைக்கு நேரே, வாய் இருக்கும் உயரத்தில், அந்த மங்கல் உள்ளங்கையளவு விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது. பூட்டிய காருக்குள் யாரும் இல்லை.

மூத்தவள் சாவிகளை நீட்டினாள். "இந்தா. வண்டி இனி உன்னுது."

இளையவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாங்க்கா. மூத்தவங்க, நீங்களே வச்சுக்குங்க."

கண்ணாடியில் மங்கல் இன்னும் வேகமாக விரிந்து சுருங்கத் தொடங்கியது.